போட்டிக்குப் போகும் பூச்சிப் பெட்டி: தொடக்க கிட் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

கண்காட்சிப் போட்டிகளுக்குப் பூச்சி சேகரிக்கும் மாணவர்களுக்காக ‘எல்லாம் ஒரே பெட்டியில்’ என்று விற்கப்படும் கிட்டுகள் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வருகின்றன. இங்கே பிரித்துப் பார்த்திருப்பது அவற்றில் ஒன்று. உள்ளே இருப்பவை: மடக்கு வலை, மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடி, 2-ஆம் எண் ஊசிகள் ஒரு கட்டு, மூன்று படி கொண்ட ஊசிக்கட்டை, சிறகு விரிக்கும் பலகை, இடுக்கி, பூதக்கண்ணாடி, கோடு போட்ட லேபிள் தாள், ஒரு பொட்டலம் அந்துருண்டை, கடைசியாகக் காட்சிப் பெட்டி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊசி, கட்டை, பலகை மூன்றும் உருப்படி. ஜாடியையும் காட்சிப் பெட்டியையும் அப்படியே நம்பினால் மதிப்பெண் போகும். லேபிள் தாள் குப்பைக்கு.

பூச்சி பிடிப்பதை மனதில் வைத்துத்தான் இந்தக் கிட்டை அடுக்கியிருக்கிறார்கள். நடுவர் மேசையில் அது எப்படி நிற்கும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வலையும் கண்ணாடியும் பளபளக்கின்றன. மதிப்பெண் வாங்கித் தரும் சாமான்கள்தான் மலிவாகப் போய்விட்டன.

ஊசியிலிருந்து தொடங்குவோம். துருப்பிடிக்காத எஃகு, 38 மில்லிமீட்டர் நீளம், வளைத்தால் மடங்காமல் திரும்பி நிமிர்கிறது. தையல் ஊசியையோ குண்டூசியையோ வைத்துச் சமாளிக்க நினைப்பவர்களுக்கு இதுதான் பதில்: குண்டூசி குட்டையானது, அதில் பூச்சியும் இரண்டு லேபிளும் ஏறாது. தடிமனும் அதிகம், சின்ன வண்டின் முதுகு பிளந்துவிடும். பித்தளை ஊசி இன்னும் மோசம். பூச்சியின் உடல் கொழுப்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு பூத்து, சில வருடங்களில் உடலையே வெடிக்க வைக்கும். 2-ஆம் எண் ஊசியின் விட்டம் 0.45 மில்லிமீட்டர், நடுத்தர அளவுப் பூச்சிகள் பெரும்பாலானவற்றுக்கு அது சரி. ஆனால் ஒரே ஒரு எண் மட்டும் கொடுத்திருப்பது குறை. எண் ஒவ்வொன்று கூடும்போதும் விட்டம் 0.05 மில்லிமீட்டர் கூடும். மெலிந்த விட்டில்களுக்கும் சின்ன ஈக்களுக்கும் 0 அல்லது 1, கொம்பு வைத்த பெரிய வண்டுகளுக்கு 3 அல்லது 4 என்று தனியாக வாங்கத்தான் வேண்டும். கனமான வண்டை 2-ஆம் எண்ணில் குத்தினால் பெட்டியை அசைக்கும்போதெல்லாம் தலையாட்டும்.

எங்கே குத்துவது என்பதற்குக் கிட்டோடு வரும் துண்டுச்சீட்டில் ‘மார்பின் நடுவில்’ என்று ஒரே வரி. வண்ணத்துப்பூச்சி, விட்டில், தட்டான் மூன்றுக்கும் அது பொருந்தும்; மற்றவற்றுக்குப் பொருந்தாது. வண்டுக்கு வலப்பக்கக் கடினச் சிறகின் முன்பகுதியில், நடுக்கோட்டிலிருந்து சற்றுத் தள்ளிக் குத்த வேண்டும். ஊசி அடிப்பக்கம் நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் வெளிவர வேண்டும். நடுக்கோட்டில் குத்தினால் இரண்டு சிறகும் கதவு திறப்பதுபோல் விலகிவிடும். நாவாய்ப் பூச்சி (உறிஞ்சும் வாய் கொண்ட, ஆங்கிலத்தில் ‘பக்’ எனப்படும் வகை) இனங்களுக்கு முதுகில் இருக்கும் முக்கோணத் தகட்டில், கொஞ்சம் வலம் தள்ளி. வெட்டுக்கிளிக்குக் கழுத்துக் கவசத்தின் பின்பகுதியில் வலப்பக்கம். ஈ, தேனீ, குளவிக்கு மார்பில், முன்சிறகு தொடங்கும் இடத்தை ஒட்டி, நடுக்கோட்டுக்கு வலமாக. வலம் வலம் என்று சொல்லக் காரணம் உண்டு. உடலின் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பதால் ஒரு பக்கம் ஓட்டை விழுந்தாலும் மறுபக்கம் முழுதாக இருக்கும். இனம் காண உதவும் புள்ளியோ முள்ளோ அங்கே தப்பிவிடும். நடுவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். ஐம்பது வண்டு வைத்திருந்தால் ஐம்பதும் ஒரே பக்கம் குத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஊசிக்கட்டை கிட்டின் சத்தான பகுதி. 25, 16, 10 மில்லிமீட்டர் ஆழத்தில் மூன்று துளை. பூச்சியைக் குத்தியதும் ஊசியை 25 துளையில் இறக்கினால் அடிவயிறு அந்த உயரத்தில் நிற்கும். அடுத்து 16-இல் முதல் லேபிள், 10-இல் இரண்டாவது. மெலிந்த பூச்சிக்கு இது கச்சிதம். தடித்த வண்டுக்கு இதே கணக்கைப் போட்டால் ஊசித்தலைக்குக் கீழே மூன்று நான்கு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது, விரலால் பிடிக்க இடமில்லாமல் முதுகைத்தான் தொட நேரும். அப்போது ஊசியைத் தலைகீழாகத் திருப்பி, தலையை 10 துளைக்குள் விட்டு, முதுகு கட்டையைத் தொடும்வரை மெல்ல அழுத்துங்கள். முதுகுக்கு மேலே எல்லாப் பூச்சிக்கும் ஒரே 10 மில்லிமீட்டர் விழும். காட்சியில் கண்ணுக்குப் படுவது இந்த மேல்மட்டம்தான். எல்லா முதுகும் ஒரே மட்டத்தில் நின்றால் சாதாரணச் சேகரிப்புகூடக் கை தேர்ந்தவர் செய்ததுபோல் தெரியும்.

பூச்சி நீளம் ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் ஊசியில் நேரடியாகக் குத்தவே கூடாது. கெட்டி அட்டையில் 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளம், அடிப்பக்கம் 3 மில்லிமீட்டர் அகலம் என்று கூர் முக்கோணம் வெட்டி, அகலப் பக்கத்தில் ஊசியை ஏற்றி, நுனியை லேசாகக் கீழே மடித்து, அந்த மடிப்பில் பசை தொட்டுப் பூச்சியின் வல மார்பில் ஒட்ட வேண்டும். பசை கடுகளவில் பாதி போதும். வழிந்தால் அடிப்பக்கம் மூடிப்போகும். தண்ணீரில் கரையும் பசையாக இருந்தால் தவறாக ஒட்டியதைப் பிறகு கழற்றலாம். கிட்டில் இந்த முக்கோண அட்டை ஒன்றுகூட இல்லை. சின்னப் பூச்சிகளை முறையாக ஒட்டி வைப்பது போட்டியில் எடுபடும் வேலை, அதை மறந்தது விசித்திரம்.

சிறகு விரிக்கும் பலகை மிருதுவான நுரையால் ஆனது, நடுவில் 10 மில்லிமீட்டர் பள்ளம். நடுத்தர வண்ணத்துப்பூச்சிக்குச் சரி. சின்ன விட்டில்களுக்குப் பள்ளம் அகலம் அதிகம், சிறகின் அடி உள்ளே சரிந்துவிடும்; பருத்த அந்துப்பூச்சிக்கு இடம் போதாது. அகலத்தை மாற்றிக்கொள்ளும் பலகை கிடைத்தால் அதுவே மேல். இருப்பதை வைத்தே செய்யலாம், முறை தெரிந்திருக்க வேண்டும். பூச்சியை மார்பின் நடுவில் செங்குத்தாகக் குத்திப் பள்ளத்தில் இறக்குங்கள். சிறகு உடலோடு சேரும் இடம் பலகையின் மேல்பரப்புக்குச் சரிமட்டமாக வந்ததும் நிறுத்துங்கள். அரை மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் காய்ந்தபின் சிறகு மேல்நோக்கி மடங்கி நிற்கும். டிரேசிங் தாளில் பட்டை வெட்டிச் சிறகின் மேல் போட்டு, மேல்முனையில் ஊசி குத்துங்கள். மிக மெல்லிய ஊசியை முன்சிறகின் முன்விளிம்பில் இருக்கும் தடித்த நரம்புக்குப் பின்னால் வைத்து, சிறகைக் குத்தாமல், நரம்பைத் தள்ளி முன்னே நகர்த்துங்கள். முன்சிறகின் பின்விளிம்பு உடலுக்குச் செங்கோணமாக வந்ததும் நிறுத்தி, பின்சிறகை அதற்கு அடியில் இடைவெளி பெரிதாகத் தெரியாத அளவுக்கு ஏற்றுங்கள். பட்டையை இறுக்கிச் சிறகின் ஓரங்களைச் சுற்றி ஊசி அடியுங்கள். சிறகின் மேல் ஒரு துளைகூட விழக்கூடாது. தட்டானுக்குக் கணக்கு வேறு: அங்கே பின்சிறகின் முன்விளிம்புதான் உடலுக்குச் செங்கோணம். உணர்கொம்புகளை ஆங்கில ‘வி’ வடிவில் ஒதுக்கி, வயிறு தொய்யாமல் இரண்டு ஊசியைக் குறுக்காக அடியில் கொடுங்கள்.

காய்வதற்குச் சின்னதுக்கு ஒரு வாரம், பருத்த அந்துப்பூச்சிக்கு இரண்டு மூன்று வாரம். ஊசிமுனையால் வயிற்றை லேசாகத் தொட்டுப் பாருங்கள். வயிறு மட்டும் தனியே அசைந்தால் இன்னும் காயவில்லை. போட்டித் தேதி நெருங்குகிறதென்று அவசரமாகக் கழற்றினால் சிறகு ஓரிரு நாளில் கீழே தொங்கும். பலகையில் இருக்கும் நாட்களில் எந்தப் பூச்சி எங்கே, எப்போது கிடைத்தது என்ற சீட்டும் பக்கத்திலேயே குத்தப்பட்டிருக்க வேண்டும். ‘பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று விட்ட பூச்சிக்குப் பிறகு தேதி கிடைக்காது.

பிடித்த அன்றே குத்த முடியாமல் விறைத்துப்போன பூச்சியை வலுக்கட்டாயமாக விரித்தால் சிறகு அடியோடு முறியும். காற்றுப்புகாத டப்பாவில் ஈரமான காகிதத் துவாலை, அதன் மேல் சின்னத் தட்டு, தட்டில் பூச்சி, பூஞ்சைக்கு இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம் என்று ஒன்று முதல் மூன்று நாள் மூடி வைத்தால் மூட்டுகள் இளகும். பூச்சி மேல் தண்ணீர் படக்கூடாது. இதற்கான டப்பா கிட்டில் கிடையாது. வீட்டில் இருக்கும் உணவு டப்பாவே போதும், மறுபடி உணவுக்கு மட்டும் திருப்பிவிடாதீர்கள்.

ஜாடிக்கு வருவோம். கண்ணாடிபோல் தெளிவான, தட்டினால் டக்கென்று ஒலிக்கும் கெட்டிப் பிளாஸ்டிக். பிடித்த பூச்சியைக் கொல்ல ஜாடியில் ஊற்றும் மருந்தான எத்தில் அசிடேட் அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் உள்பக்கம் மங்கி, வெடிப்பு விட்டு, அடிப்பகுதி பிசுபிசுக்கும்; பூச்சியும் அதில் ஒட்டிக்கொள்ளும். அகல வாய்க் கண்ணாடி ஜாடிக்கு மாறுங்கள். அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி, முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் மருந்தை உறிஞ்சாது. காய்ந்தபின் எத்தில் அசிடேட் ஊற்றி, உறிஞ்சியது போக மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கசக்கிய மெல்லிய காகிதம் கொஞ்சம் உள்ளே போட்டால் வேர்க்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். இல்லையென்றால் தேனீயின் முடியெல்லாம் நனைந்து ஒட்டிச் சடைபோல் ஆகிவிடும், பிறகு அது தேனீயாகவே தெரியாது. வண்ணத்துப்பூச்சியை வண்டோடு ஒரே ஜாடியில் போடக்கூடாது: செதில் உதிர்ந்து எல்லாவற்றின் மேலும் அப்பும். வெளியே டேப் சுற்றி ‘விஷம்’ என்று எழுதுங்கள், காற்றோட்டமான இடத்தில், நெருப்பிலிருந்து தள்ளி வையுங்கள், சிறுவர்கள் கையில் தனியே விடாதீர்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் டப்பாவில் அடைத்து உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்தால் போதும். இளையவர்களுக்கு அதுவே நல்ல வழி.

புழு, அசுவினி, கரையான் போன்ற மென்னுடல் உயிர்கள் ஊசியில் சுருங்கிவிடும். அவற்றை 70 முதல் 80 சதவீத எத்தனாலில் சின்னக் குப்பியில் வைக்க வேண்டும். கும்பிடுபூச்சியும் பெரிய வெட்டுக்கிளியும் ஊசியில் நிற்கும், ஆனால் வயிறு அழுகிக் கறுக்கும். அடிவயிற்றில் நீளமாகக் கீறிக் குடலை இடுக்கியால் எடுத்துவிட்டு, பழைய பருமன் வரும்வரை பஞ்சு திணித்தால் வடிவம் தங்கும். கிட்டின் இடுக்கி இதற்கு முரடு, முனை சேர்வதில்லை. பூதக்கண்ணாடியும் வெறும் அலங்காரம். இனம் காண 10 மடங்கு பெருக்கும் கைவில்லை வேண்டும். வலை மட்டும் பரவாயில்லை, பையின் ஆழம் வளையத்தின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு இருப்பதால் மடித்துப் போட்டால் பூச்சி வெளியேறாது.

லேபிள் தாள் ஏன் குப்பைக்கு? ஒவ்வொரு கட்டமும் தபால்தலையைவிடப் பெரிது. பக்கத்துப் பூச்சியின் லேபிளோடு இடித்து, ஊசியைச் சுற்றிக் குடைபோல் விரிந்து நிற்கும். காகிதமும் வழவழப்பு, ஊசி குத்தியதும் ஓட்டை தளர்ந்து லேபிள் கிறுகிறுவென்று சுழலும். 18-க்கு 8 மில்லிமீட்டர் என்ற அளவில், அமிலமில்லாத கெட்டித் தாளில், லேசர் அச்சில், 4 அல்லது 5 புள்ளி எழுத்தில் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். மேல் லேபிளில் இடம், தேதி, பிடித்தவர் பெயர். இடம் என்றால் நாடு, மாநிலம், மாவட்டம், அருகிலுள்ள ஊர் என்று இறங்கி வர வேண்டும். ‘தோட்டம்’ என்று மட்டும் எழுதினால் அது இடமாகாது. தேதியில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம்: 5.vii.2024. 5/7 என்று எழுதினால் மே 7 என்று ஒருவரும் ஜூலை 5 என்று இன்னொருவரும் படிப்பார்கள். கீழ் லேபிளில் வரிசைப் பெயர் (வண்டு, ஈ, தட்டான் என்று பூச்சிகளைப் பிரிக்கும் பெரும்பிரிவு, ஆங்கிலத்தில் ‘ஆர்டர்’), பொதுப்பெயர், கேட்டிருந்தால் அறிவியல் பெயர். எல்லா லேபிளும் பூச்சியின் உடல் நீளத்தோடு ஒத்த திசையில், ஒரே பக்கமிருந்து படிக்கும்படி நிற்க வேண்டும். ஊசி எழுத்தின் மேல் இறங்கக்கூடாது. குப்பியில் உள்ளதற்கு லேபிள் உள்ளேயே போக வேண்டும், பென்சிலில். பேனா மை எத்தனாலில் ஊறி ஓடிவிடும்.

பெயர் வைப்பதில் வழக்கமாக வழுக்கும் இடங்கள் சில. தேனீ வேடம் போட்ட பூ ஈயை எத்தனையோ பெட்டிகளில் தேனீ வரிசையில் பார்க்கலாம்: சிறகை எண்ணுங்கள், ஒரு ஜோடிதான் என்றால் ஈ. முதுகில் சிறகுகள் நேர்கோட்டில் சந்தித்தால் வண்டு. ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படிந்து முக்கோணம் தெரிந்தால் நாவாய்ப் பூச்சி இனம். சிலந்தி, பூரான், மரவட்டை பூச்சியே இல்லை. கரையானை இப்போது கரப்பானின் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் போட்டி விதிப் புத்தகம் பழைய பிரிவைக் கேட்டால் அதையே பின்பற்றுங்கள், நடுவர் கையில் இருப்பது அந்தப் புத்தகம்தான். சட்டத்தால் காக்கப்பட்ட இனம் உள்ளே வந்துவிட்டால் மதிப்பெண்ணைத் தாண்டிய சிக்கல், பிடிப்பதற்கு முன்பே பட்டியலைப் பாருங்கள்.

காட்சிப் பெட்டியில்தான் கிட்டின் கஞ்சத்தனம் முழுசாகத் தெரிகிறது. அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் தாள் மூடி, அடியில் வெள்ளைத் தெர்மாகோல். உள்ளே மொத்த உயரம் 45 மில்லிமீட்டர், அதில் தெர்மாகோல் 15. மிச்சம் 30. ஊசி 38 மில்லிமீட்டர், அதில் ஆறேழு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும், மேலே 31 நிற்கும். மூடி ஊசித்தலையில் உட்கார்ந்துவிடுகிறது. அதைச் சரிக்கட்ட ஊசியை ஆழமாக அழுத்தினால் கீழ் லேபிள் தெர்மாகோலில் மோதி மடங்குகிறது. நுரையின் மேற்பரப்பிலிருந்து மூடிவரை குறைந்தது 40 மில்லிமீட்டர் இருக்கும் பெட்டியைத் தேடுங்கள், கண்ணாடி மூடியும் இறுக்கமான விளிம்பும் இருந்தால் நல்லது. அடியில் 10 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன் நுரை, அதன்மேல் வெள்ளைத் தாள். தெர்மாகோல் ஊசியைக் கவ்விக்கொள்ளும். இடம் மாற்றப் பிடுங்கும்போது வெடுக்கென்று விடும், அந்த உதறலில் உணர்கொம்பு உதிரும். இரண்டாம் முறை அதே துளையில் பிடிமானமும் இருக்காது.

இன்னொரு கூத்து: கிட்டில் தெர்மாகோலையும் அந்துருண்டையையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். அந்துருண்டை நாப்தலீனோ பாரா டைகுளோரோபென்சீனோ எதனால் ஆனதானாலும், தெர்மாகோலோடு ஒட்டி இருந்தால் அதை அரித்துக் குழியாக்கிவிடும். உருண்டை பெட்டிக்குள் உருண்டு காலை ஒடிப்பது வேறு. போட்டே தீர வேண்டுமென்றால் ஊசியின் தலையைச் சூடாக்கி உருண்டைக்குள் செருகுங்கள், ஆறியதும் இறுகிவிடும். பிறகு நுரையின் மூலையில் குத்தி வைக்கலாம். இரண்டின் ஆவியும் மூச்சுக்குக் கேடு என்பதால் உறைய வைப்பதே மேல். பூச்சியின் அடியில் காபித்தூள் சிந்தியதுபோல் பொடி கண்டால் கம்பளவண்டின் புழு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். பெட்டியைப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, −18 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக்கூடாது. அறையின் வெப்பத்துக்கு வந்தபின்தான் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த பூச்சியின் மேல் நீர் பூத்துச் சிறகு கெடும்.

அடுக்குவதற்கு முன் பெட்டியின் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று விதியைப் பாருங்கள். நெட்டாகவா கிடையாகவா என்று சில போட்டிகள் குறிப்பிட்டே கேட்கும். வரிசைவாரியாகப் பத்தி பிரித்து, எல்லாத் தலையும் மேல்நோக்கி, ஒவ்வொரு பத்திக்கும் தலைப்புச் சீட்டு. நெருக்கி அடுக்கி எண்ணிக்கை காட்டுவதைவிட இடம் விட்டு வைப்பது எடுபடும். காட்சியில் பெட்டி பெரும்பாலும் சாய்த்தோ நிமிர்த்தியோதான் நிற்கும். கனமான வண்டு தன் ஊசியிலேயே சுழன்று பக்கத்தில் இருப்பதன் காலைத் தட்டிவிடும். அதன் இரு பக்கமும் உடலை ஒட்டி ஆளுக்கொரு ஊசி அடித்து அணை கொடுங்கள். ஏற்கெனவே சுழல்வதாக இருந்தால் அடிப்பக்கம் ஊசியும் உடலும் சேரும் இடத்தில் ஒரு துளி பசை. வண்டியில் கொண்டுபோகும்போது பெட்டி கிடையாகவே இருக்கட்டும், அடியில் மெத்தென்று ஏதாவது விரித்து. கூடவே மெல்லிய தூரிகை, பசை, நல்ல இடுக்கி, சில வெற்று ஊசிகள். வழியில் கழன்று விழுந்த உணர்கொம்பை அங்கேயே ஒட்டிவிடலாம், அது அதே பூச்சியின் உணர்கொம்பாக இருக்கும்வரை.